எடை தூக்கும் நாளும் ஓய்வு நாளும்: சோறு உண்ணும் வேளையும் அளவும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனையும் இளங்கோவையும் வள்ளுவனையும் பற்றிக் கற்றறிந்த பெரியோர் பேசக் கேட்டு மகிழ்ந்து வருகிறோம். இவ்வாண்டு சோற்றைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். தமிழ்ச் சங்கத்திற்கும் சோற்றிற்கும் என்ன தொடர்பு என்று எவரும் எண்ண வேண்டா. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை மூலிகை எதனையும் கூறினாரில்லை. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து உண்க, பசித்தபின் உண்க, அளவறிந்து உண்க என்றே பலகாலும் வற்புறுத்துகிறார். வேளையும் அளவுமே அவர் தந்த மருந்து. இன்று நாம் பேசப்போவதும் அவ்விரண்டையும் பற்றியே.

நாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் வரவு செலவுப் பேரேடு எழுதிக் காலம் கழிக்கும் குமாஸ்தா வர்க்கத்தினர். ஆயினும் காலனியில் வீட்டுக்கு வீடு எழும் ஒரு வழக்கு எம்மை இப்பொருளைத் தேடிப் படிக்கத் தூண்டிற்று. மாலையில் பளுதூக்கும் பயிற்சிக்கூடம் சென்று திரும்பும் மகன், "சோறு வேண்டாம், அதில் இருப்பது வெறும் மாவுச்சத்து" என்று தட்டைத் தள்ளுகிறான். தாய் மனம் நோகிறாள். வேறொரு வீட்டுப் பிள்ளை, "பயிற்சி முடிந்து அரை மணிக்குள் உண்ணாவிட்டால் உழைத்ததெல்லாம் வீண்" என்று கூறி, மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை மாவு டப்பாக்களுக்குச் செலவிடுகிறான். மூன்றாம் வீட்டில், பயிற்சி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டினி கிடக்கும் பிள்ளை இருக்கிறான். இம்மூவரும் கெட்டிக்காரர்களே, உழைப்பாளிகளே. இவர்கள் கேட்டது பாதிச் செய்தி. மீதிப் பாதியைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

இந்நகரத்திற்கு எடைப்பயிற்சி புதிதன்று என்பதை முதற்கண் நினைவூட்ட விரும்புகிறோம். நம் பெங்களூரில் கே. வி. ஐயர் என்னும் பெருமகனார் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடத்தை நிறுவி, இரும்புக் குண்டுகளோடு சூரிய நமஸ்காரத்தையும் ஆசனங்களையும் இணைத்துப் பயிற்றுவித்தார். 1930இல் 'மஸில் கல்ட்', 1936இல் 'பர்பெக்ட் பிஸீக்' என்னும் நூல்களை வெளியிட்டார். தபால் வழியாகவும் பாடங்கள் அனுப்பி வெளியூர் மாணவர்களை உருவாக்கினார். கன்னடத்தில் 'சாந்தலா' என்னும் வரலாற்று நாவலை எழுதியவரும் அவரே. இலக்கியமும் உடற்பயிற்சியும் ஒரே மனிதரிடம் குடிகொள்ள இயலும் என்பதற்கு 1980இல் மறைந்த அப்பெரியார் சான்று.

நம் இரயில்வேக் குடும்பத்திற்கும் இத்துறையில் பங்கு உண்டு. 2014இல் கிளாஸ்கோ நகரிலும் 2018இல் கோல்ட் கோஸ்ட் நகரிலும் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம், வேலூரில் பிறந்து தெற்கு இரயில்வேயில் பணியாற்றியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலையில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்ற மீராபாய் சானுவும் அப்போது இரயில்வே ஊழியரே. இவர்களைப் போல் உயர வேண்டும் என்று நம் பிள்ளைகள் விரும்புவது போற்றத்தக்கது. விருப்பத்தோடு விவரமும் சேர வேண்டும்.

இனி விஷயத்திற்கு வருவோம். அரிசி, கோதுமை, கேழ்வரகு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், சர்க்கரை ஆகிய அனைத்திலும் மிகுந்திருப்பது மாவுச்சத்தும் அதன் இனத்தைச் சேர்ந்த இனிப்புச் சத்துமே. உண்டபின் இவை குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. உடனே செலவாகாத பகுதியை உடல் கிளைக்கோஜன் என்னும் பொருளாக்கிச் சேமிக்கிறது. பிரெஞ்சு அறிஞர் குளோட் பெர்னார்ட் 1857இல் ஈரலிலிருந்து இதனைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். நன்கு உண்டு வாழும் ஒருவரின் ஈரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகள் அனைத்திலும் சேர்த்து ஏறத்தாழ 400 கிராமும் இது சேமிக்கப்பட்டிருக்கும்.

நீராவி எஞ்சின்கள் ஓடிய நாட்களை நம் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். எஞ்சினுக்குப் பின்னால் டெண்டர் என்னும் வண்டி நிலக்கரியையும் நீரையும் சுமந்து வரும். ஓட்டம் முடிந்ததும் லோகோ ஷெட்டில் அதனை நிரப்புவார்கள். தசையிலுள்ள கிளைக்கோஜன் அத்தகைய டெண்டர் நிலக்கரியே. ஜோலார்பேட்டையிலிருந்து நம் நகரம் வரையிலான மேட்டுப் பாதையில் ஏறும் வண்டிக்குக் கரி மிகுதியாகச் செலவாகும். ஷெட்டில் நிற்கும் எஞ்சினுக்கு அத்தனை செலவாகாது. நிற்கும் எஞ்சினுக்கு ஓடும் எஞ்சினின் அளவு கரியை வாரிக் கொட்டுவதும் தவறு; ஓடவேண்டிய எஞ்சினை வெறும் டெண்டரோடு அனுப்புவதும் தவறு. நாம் சொல்ல வந்தது இவ்வளவே. மற்றவை இதன் விளக்கமே.

1966இல் ஸ்டாக்ஹோம் நகரில் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்னும் இரு அறிஞர்கள் தம் உடலிலேயே ஒரு சோதனை செய்தனர். மிதிவண்டிப் பொறி ஒன்றின் இருபுறமும் அமர்ந்து, ஒருவர் ஒரு காலாலும் மற்றவர் தம் ஒரு காலாலும் களைத்துப் போகும்வரை மிதித்தனர். மறு கால் ஓய்வாகவே இருந்தது. பின்னர் மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, ஊசியால் தசையில் சிறு துண்டெடுத்து ஆராய்ந்தனர். உழைத்த காலில் கிளைக்கோஜன் ஓய்ந்த காலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நிறைந்திருந்தது. ஒரே வாய், ஒரே வயிறு, ஒரே இரத்தம். ஆயினும் உழைத்த தசைக்கே மிகுதியான பங்கு! உண்ட சோறு எங்கே சேர்கிறது என்பதை உழைப்பே தீர்மானிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளும் மகன் இச்சோதனையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் தசைகளே அச்சோற்றை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றன.

அடுத்து, அரை மணிக் கணக்கைப் பார்ப்போம். 1988இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஐவி என்பவரும் துணைவர்களும் மிதிவண்டி வீரர்களைக் கொண்டு ஆராய்ந்தனர். பயிற்சி முடிந்த உடனே மாவுச்சத்துப் பானம் அருந்தியபோது தசை விரைவாக நிறைந்தது. இரண்டு மணி நேரம் தாமதித்து அருந்தியபோது, அதன்பின் நிறையும் வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இந்தச் செய்தியே ஊர் ஊராகப் பரவி, அரை மணி என்னும் அச்சமாக மாறிற்று. ஆனால் 1997இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆராய்ச்சியில், உடனே உண்டவர்க்கும் இரண்டு மணி கழித்து உண்ணத் தொடங்கியவர்க்கும் 8 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் தசைச் சேமிப்பில் வேறுபாடு காணப்படவில்லை. மெதுவாகப் புறப்பட்ட வண்டியும் அதே நிலையத்தை வந்தடைந்தது!

ஆகவே அவசரம் யாருக்கு? காலையில் ஒருமுறையும் மாலையில் மறுமுறையும் அதே தசைகளை வருத்தும் போட்டி வீரருக்கு. அவர் பயிற்சி முடிந்த உடனே உண்பது நன்று. வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் எடை தூக்கும் நம் காலனி இளைஞருக்கு அத்தகைய அவசரம் இல்லை. மேலும், எடைப்பயிற்சி நெடுந்தொலைவு ஓட்டத்தைப்போல் டெண்டரைக் காலி செய்வதும் இல்லை. ஒரு நேரப் பயிற்சியில் உழைத்த தசையின் சேமிப்பில் கால் பங்கு முதல் ஐந்தில் இரு பங்கு வரையே செலவாவதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மறுநாளுக்குள் வீட்டுச் சாப்பாடே அதனை நிரப்பிவிடும். பயிற்சிக்கூடத்திலிருந்து வீடு வந்து, குளித்து, குடும்பத்தோடு அமர்ந்து உண்பதால் எதுவும் வீணாகிவிடாது. டப்பாவில் விற்கும் மாவுச்சத்துத் தூளில் நம் சோற்றில் இல்லாத மந்திரம் ஒன்றும் இல்லை, விலைதான் வேறு.

பயிற்சிக்கு முன் என்ன செய்வது? அதிகாலை 5 மணிக்குப் பயிற்சிக்குச் செல்பவர் இரவு உணவை ஒழுங்காக உண்டிருந்தால், இரண்டு ஏலக்கி வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். வெறும் வயிற்றில் தலைசுற்றல் வரும் இயல்புடையோர் அதனைத் தவிர்க்கலாகாது. மாலையில் செல்பவர்க்கு நண்பகல் உணவே அடிப்படை; நான்கு மணியளவில் ஒரு கைப்பிடிச் சுண்டலும் பழமும் கொள்ளலாம். முழுச் சாப்பாடு உண்டால் இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே எடையைத் தொட வேண்டும். இரவுப் பணி பார்க்கும் இரயில்வே அன்பர்கள் கடிகாரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டா. விழித்தெழுந்து பயிற்சி செய்யும் வேளை எதுவோ, அதற்கு முன்னும் பின்னும் வரும் இரு உணவுகளில் அன்றைய சோற்றின் பெரும் பங்கை வைத்துக் கொள்ளலாம்.

இனி, அனைவரும் கேட்கும் ஓய்வு நாளைப் பற்றிக் கூறுவோம். ஓய்வு நாள் என்பது உடலுக்கு விடுமுறை அன்று. லோகோ ஷெட்டில் பழுது பார்க்கும் நாள். முந்தின நாள் உழைத்த தசை, ஒருநாள் இரண்டுநாள் வரையிலும் குளுக்கோஸை எளிதில் ஏற்கும் நிலையில் இருக்கிறது. நிறைவதும் செப்பனிடுவதும் அந்நாளில் தொடர்கின்றன. அன்று பட்டினி கிடப்பது, ஷெட்டுக்கு வந்த எஞ்சினுக்குக் கரியும் தராமல் எண்ணெயும் இடாமல் மறுநாள் மேட்டில் ஏற்றுவதற்கு ஒப்பாகும். அதே சமயம், அன்று செலவு குறைவு என்பதும் உண்மை. ஆதலால் ஒழிக்க வேண்டா. சற்றுக் குறைத்தால் போதும்.

குமாஸ்தாவுக்குக் கணக்கு இல்லாமல் மனம் அடங்காது, கணக்கும் தருகிறோம். அமெரிக்க, கனடிய உணவியல் சங்கங்களும் விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் 2016இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, இலேசான பயிற்சி உடையவர்க்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராமும், ஒரு மணி நேர நடுத்தரப் பயிற்சி உடையவர்க்கு 5 முதல் 7 கிராமும் மாவுச்சத்து எனக் கூறுகிறது. 60 கிலோ எடையுள்ள இளைஞரை எடுத்துக் கொள்வோம். பயிற்சி நாளில் கிலோவுக்கு 5 கிராம் என்றால் 300 கிராம். ஓய்வு நாளில் கிலோவுக்கு 4 கிராம் என்றால் 240 கிராம். வேறுபாடு 60 கிராம். சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உண்டு. ஆகவே ஓய்வு நாளில் குறைக்க வேண்டியது ஏறத்தாழ 80 கிராம் அரிசி. வெந்தபின் ஒன்றரைக் கிண்ணம் சோறு. இதற்காகவா வீட்டில் இத்தனை சச்சரவு? இந்த 300 கிராமும் சோற்றிலிருந்தே வர வேண்டும் என்பதில்லை. பருப்பு, பழம், பால், காப்பியில் இடும் சர்க்கரை எல்லாம் அதே பேரேட்டில் வரவு வைக்கப்பட வேண்டியவையே.

கன்னட நாட்டில் வாழும் நாம் ராகி முத்தையையும் அறிவோம். சிலர் அரிசியை விட்டு ராகிக்கு மாறிவிட்டால் மாவுச்சத்திலிருந்து தப்பிவிட்டதாக எண்ணுகிறார்கள். கேழ்வரகிலும் 100 கிராமில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து உண்டு. நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதில் மிகுதி என்பதால் அது உயர்ந்தது. அளவில்லாமல் உண்ணலாம் என்பதால் அன்று.

ஓய்வு நாளில் குறைக்கக் கூடாதது ஒன்று உண்டு, அது புரதம். அதே அறிக்கை கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் கூறுகிறது. 60 கிலோ இளைஞருக்குக் குறைந்தது 72 கிராம். சமைக்காத பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும், அரை லிட்டர் பாலில் 16 கிராமும் கிடைக்கும். நம் வீடுகளில் சோறு மலையாகவும் பருப்பு ஓடையாகவும் இருக்கிறது. மலையைச் சற்றுக் குறைத்து ஓடையை ஆறாக்கினால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். குறிப்பாகத் தாய்மார்களை வேண்டிக் கொள்கிறோம்: அனைவரும் உண்டபின் எஞ்சிய வெறுஞ்சோற்றையும் இரசத்தையும் உண்டு எழாதீர்கள். தண்ணீர்க் குடமும் எரிவாயு உருளையும் தூக்கும் உங்கள் தசைகளும் தசைகளே. பயிற்சிக்கூடம் செல்லும் மகளுக்கும் மகனுக்கு வைக்கும் அதே பருப்பை வையுங்கள்.

இனி, நாற்பதைக் கடந்த எம்மைப் போன்றோரைப் பற்றிச் சில சொற்கள். சென்னை அறிஞர்களின் தலைமையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவுடன் நடந்த நாடு தழுவிய ஆய்வு, 2023இல் வெளியாயிற்று. இந்நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்றும், 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாயிலில் நிற்பவர்கள் என்றும் அது மதிப்பிட்டது. 1918இல் நம் குன்னூரில் சிறு ஆராய்ச்சிப் பிரிவாகத் தோன்றி, பின்னர் ஐதராபாத்தில் வளர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நாம் உண்ணும் மொத்தச் சக்தியில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டிற்கு மேற்படாதிருப்பது நல்லது என்று 2024இல் அறிவுரை வழங்கியது. நாற்காலியில் அமர்ந்து பேரேடு எழுதும் நமக்கு நாள்தோறும் ஓய்வு நாளே. ஆயினும் நாம் உண்பதோ மூட்டை சுமப்பவரின் சோறு! இளைஞர் சோற்றுக்கு அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டிய நாமோ இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறோம்.

நமக்கும் எடைப்பயிற்சி துணை செய்யும். தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் உதவி இல்லாமலே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக் கொள்ளும் வாயில் ஒன்று திறக்கிறது. ஆகையால் வாரம் இருமுறை மூன்றுமுறை இலேசான எடை தூக்குவதும், உணவுக்குப் பின் சிறிது நேரம் நடப்பதும் இரத்தச் சர்க்கரையைத் தணிக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. இதனை ஒருவரும் மறக்கலாகாது. நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரையோ கொள்பவர், சோற்றையும் குறைத்துப் பயிற்சியும் செய்தால், சர்க்கரை அளவு திடீரென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், நினைவும் தவறக்கூடும். சில மணி நேரம் கழித்து இரவில் உறங்கும்போதும் இது நேரலாம். இத்தகையோர் தம் டாக்டரைக் கலந்து மருந்தின் அளவைத் திருத்திக் கொண்டபின்னரே தொடங்க வேண்டும். சட்டைப் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ எப்போதும் இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உடையவர் டாக்டரின் சொல்லின்றிப் புரதத்தைக் கூட்டக் கூடாது.

அன்பர்களே! இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். முதலில் நாள் முழுவதும் உண்ணும் மொத்த அளவைச் சீர் செய்க. அதன்பின், அவ்வளவில் பெரும் பங்கைப் பயிற்சியை ஒட்டிய வேளைகளில் வைத்துக் கொள்க. ஓய்வு நாளில் ஒன்றரைக் கிண்ணம் சோற்றைக் குறைத்து, பருப்பையும் காய்கறியையும் குறையாமல் உண்க. நாளுக்கு இருமுறை பயிற்சி செய்யாதவர் கடிகாரத்திற்கு அஞ்ச வேண்டா.

பிழைப்பை நாடி இந்நகரம் வந்த நம் முன்னோர், கூலி வாங்கிய நாளில் வயிறார உண்டனர். கூலி இல்லாத நாளில் கஞ்சியோடு அமைந்தனர். அவர்களுக்கு அது வறுமை வகுத்த முறை. நமக்கு அரிசிப் பானை நிறைந்திருக்கிறது. முறையை நம் அறிவே வகுக்க வேண்டும். இன்றிரவு விழா முடிந்து வீடு சென்றதும் தாய் சோறிட, மகன் மறுக்காமல் அளவறிந்து உண்டு, தந்தை இரண்டாம் முறை கேட்காமல் எழுவாராயின், இச்சொற்பொழிவு பயன் பெற்றதென்று மகிழ்வோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!